மருந்தில்லாத ஊசி



நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர். சிப்காட்டில் ஷிப்ட் முழுக்க நின்னு வேலை செய்யுற பெண்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிறது இதுதான்: "அக்கா, வலிக்கு ஊசி குத்துறாங்களாமே, போகலாமா?"

அதன் பெயர் டிரை நீடிலிங். ஊசியில் மருந்து கிடையாது. தசை முடிச்சு மாதிரி இறுகின இடத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்துவாங்க. தசை துடிச்சுத் தளரும். கழுத்து, தோள் வலி சிலருக்குக் கொஞ்ச நாள் குறையும். மூட்டுத் தேய்மானத்தை அது சரிசெய்யாது. உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் நிற்கும்.

போனால், பயிற்சி பெற்றவரிடமே போங்க. புது ஊசியை உங்க கண் முன்னால பிரிக்கணும். கர்ப்பமா இருந்தாலும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதல்லயே சொல்லிடுங்க. தோள், முதுகுப் பக்கம் குத்தின பிறகு மூச்சு திணறினா உடனே 108-ஐக் கூப்பிடுங்க. ஊசி நுரையீரலில் படுவது அரிது, ஆனா ஆபத்து.

குழுக் கடன் வாங்கிப் பத்து தடவைக்கு முன்பணம் கட்டாதீங்க. இரண்டு மூணு தடவையில் குறையலன்னா அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்க.

இன்னொண்ணு. நின்னு வேலை செய்யுறவங்க இடையில உட்கார வசதி தரணும்னு, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 44-வது பிரிவிலேயே சொல்லியிருந்தது. ஊசிக்கு முன்னாடி, அந்த ஸ்டூலைச் சேர்ந்து கேட்போம்.