ஓர் ஊரும் அதன் ஆறும்

ஓர் ஊர் தன் பக்கத்தில் ஓடும் ஆற்றை மறித்து அணை கட்டுகிறது. அந்த நீரைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கித் தன் வீதிகளுக்கும் வீடுகளுக்கும் ஒளி தருகிறது. இப்படியே மூன்று நான்கு தலைமுறைகள் கழிகின்றன. ஊரவர்கள் அந்த அணையைத் தங்கள் முதுசமாகவே எண்ணப் பழகிவிடுகின்றனர். பின்னர் ஒருநாள், அரசு வழங்கிய அனுமதிப்பத்திரத்தின் காலம் முடிவடைகிறது. ஆற்று நீரை இனியும் பயன்படுத்தும் உரிமை வேண்டும் என்று அந்த ஊரே விண்ணப்பம் எழுதிக்கொண்டு நிற்கும் நிலை உண்டாகிறது. அணை ஊருக்குச் சொந்தம். ஆறு யாருக்குச் சொந்தம்? இந்த வினாவுக்கு விடை காண முயன்ற ஒரு சிற்றூரின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லையை ஒட்டி, வேர்மொன்ற் என்னும் சிறிய மாநிலம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த நாடு அது. அங்கே லமோயில் என்னும் ஆறு மேற்கு நோக்கி ஓடிச் சாம்பிளேன் ஏரியிற் கலக்கின்றது. அந்த ஆற்றின் கரையிலே மொறிஸ்வில் என்ற ஊர் அமைந்துள்ளது. அதன் குடிமக்கள் ஏறத்தாழ 2000 பேரே. ஆயினும் 1895ஆம் ஆண்டு தொடக்கம் அந்த ஊருக்கு அதன் சொந்த நீர், மின்சார நிறுவனம் உண்டு. அது பங்குதாரர்களின் இலாபத்துக்காக நடத்தப்படும் கம்பனியன்று, ஊரவரின் பொதுச்சொத்து. அதன் செலவு கூடினால் ஊரவரின் மின்கட்டணமும் கூடும். அதற்கு வருவாய் பெருகினால் அதன் பயனும் ஊரவரையே சேரும்.

இந்த நிறுவனத்தின் நீர்மின் திட்டம் பல உறுப்புக்களைக் கொண்டது. ஊரின் நடுவே லமோயில் ஆற்றில் ஓர் அணையும், சற்றுக் கீழே கேடிஸ் நீர்வீழ்ச்சி என்ற இடத்தில் இன்னோர் அணையும் மின்னிலையங்களோடு அமைந்துள்ளன. அண்டையிலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரின் எல்லைக்குள், கிறீன் ஆற்றை மறித்து 1947ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அணை மூன்றாவது. மூன்றும் சேர்ந்து ஆக்கக்கூடிய மின்வலு ஏறக்குறைய 5 மெகாவாற்று மாத்திரமே. பெரிய நாடுகளின் மின்னிலையங்களோடு ஒப்பிட்டால் இது கடலில் ஒரு துளி. எனினும் சிற்றூர் ஒன்றின் கணக்கிலே அது சிறு தொகையன்று.

நீர்மின் ஆக்கத்தின் அடிப்படையை இங்கே சிறிது விளக்குதல் நன்று. நீரின் அளவும், அது விழும் உயரமும் ஆகிய இரண்டுமே மின்வலுவைத் தீர்மானிக்கின்றன. ஒரு செக்கனுக்கு ஒரு கனமீற்றர் நீர் பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், கணக்கின்படி 98 கிலோவாற்று வலு அதில் உண்டு. சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் சிறிது வீணாக, எண்பது கிலோவாற்று வரையில் நம் கைக்கு வந்துசேரும். ஆகவே சுழலிக்குப் போகாமல் ஆற்றோடு விடப்படும் ஒவ்வொரு கனமீற்றர் நீரும் மின்னிலையத்தாருக்கு நட்டமே.

ஆனால் ஆற்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது. அணையிலிருந்து நீரைக் குழாய் வழியே மின்னிலையத்துக்குக் கொண்டுசெல்லும்போது, அணைக்கும் மின்னிலையத்துக்கும் இடையிலுள்ள பழைய ஆற்றுப்படுகை நீரின்றிப் போகின்றது. அங்கே வாழும் திறவுட் மீன்களுக்கும், அவற்றுக்கு உணவாகும் பூச்சிகளுக்கும் அந்த நீரே உயிர். மேலும், மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் நேரத்தில் நீரைத் திறந்து, ஏனைய நேரங்களில் மூடி வைப்பதனால், கீழே ஆறு ஒருபொழுது பெருக்கெடுத்தும் ஒருபொழுது மெலிந்தும் ஓடுகின்றது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஈடுகொடுத்து வாழ எல்லா உயிர்களாலும் இயலாது.

கிறீன் ஆற்று நீர்த்தேக்கத்தின் கதை இதனினும் சுவையானது. 653 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தேக்கம் மனித கையாலே ஆக்கப்பட்டது. ஆனால் ஊரின் மின்னிலையத்துக்காகவே அது பேணப்பட்டமையால், அதன் கரைகளிலே வீடுகளும் விடுதிகளும் எழவில்லை. காடு காடாகவே நின்றுவிட்டது. 1999ஆம் ஆண்டில் மொறிஸ்வில் நிறுவனம், நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த 5000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மாநில அரசுக்கு விற்றது. அரசு அதனைப் பூங்காவாக்கியது. படகு வலித்துச் சென்றாலன்றி அங்குள்ள கூடார இடங்களை அடைய முடியாது. லூன் என்னும் நீர்ப்பறவை அங்கே கூடு கட்டுகிறது. அதன் கால்கள் உடலின் பின்புறத்தில் அமைந்திருப்பதால் தரையில் நடப்பது அதற்கு மிகவும் கடினம். ஆகவே நீரின் விளிம்பிலேயே அது முட்டையிடும். நீர்மட்டம் உயர்ந்தால் கூடு மூழ்கும். தாழ்ந்தால் கூட்டை அடையத் தாய்ப்பறவை தவழவேண்டியதாகும். மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அணை இவ்வாறு ஓர் அழகிய வனத்தையும் உண்டாக்கி வைத்தது. இனி அந்த வனத்தின் நன்மைக்காகவே மின்சாரத்தைக் குறைக்கும்படி கேட்கப்படும் நிலை அந்த ஊருக்கு வந்தது.

அமெரிக்கச் சட்டத்தின்படி, ஆறுகளில் மின்னிலையம் நடத்துவதற்குச் சமஷ்டி அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1920ஆம் ஆண்டின் நீர்வலுச் சட்டம் இந்த முறையை ஏற்படுத்திற்று. அனுமதிப்பத்திரம் ஒன்றின் ஆயுள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆறு மக்கள் அனைவருக்கும் பொதுவானது, அதனை எவருக்கும் நிரந்தரமாக எழுதிக்கொடுத்தல் ஆகாது என்பதே இந்தக் கால எல்லையின் பொருள். 1986ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம், மின்வலுவோடு மீன், வனவிலங்கு, பொதுமக்களின் பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கும் சமமான கவனம் செலுத்தவேண்டுமென ஆணைக்குழுவைப் பணித்தது.

இதனோடு 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டமும் சேர்ந்துகொண்டது. சமஷ்டி ஆணைக்குழு அனுமதி வழங்குமுன், மாநில அரசிடம் நீர்த் தூய்மைச் சான்றிதழ் பெறவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. மாநிலம் விதிக்கும் நிபந்தனைகள் அனுமதிப்பத்திரத்தின் பகுதியாகிவிடும். ஆற்றில் எவ்வளவு நீர் ஓடவேண்டும் என்பதையும் மாநிலம் இந்தச் சான்றிதழின் மூலம் விதிக்கலாம் என 1994ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மாநிலத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. விண்ணப்பம் கிடைத்த ஓராண்டுக்குள் அது தன் முடிவைச் சொல்லிவிட வேண்டும். தவறினால் அந்த அதிகாரத்தைக் கைவிட்டதாகவே கருதப்படும். இந்த ஓராண்டுக் கெடுவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மொறிஸ்விலின் அனுமதிப்பத்திரம் 1981ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அதன் காலம் முடிவடைந்தது. காலம் முடிவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2013இல், ஊர் புதிய அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தது. 2014ஆம் ஆண்டு சனவரியில் மாநிலத்தின் இயற்கை வள முகவரகத்திடம் நீர்த் தூய்மைச் சான்றிதழ் கோரியது. வரவிருந்த நிபந்தனைகள் தனக்குப் பாதகமாக இருக்கும் என்று தெரிந்தபோது, ஊர் தன் விண்ணப்பத்தை மீளப்பெற்றுத் திரும்பவும் சமர்ப்பித்தது. இதனால் மேலும் ஆராயவும் பேசவும் அவகாசம் கிடைத்தது. ஈற்றில் 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சான்றிதழ் வந்தது. நீர் வற்றிய படுகைகளிலே முன்னையதிலும் கூடுதலான நீர் ஓடவேண்டும். கிறீன் ஆற்றுத் தேக்கத்தின் நீர்மட்டத்தைக் குளிர்காலத்திற் பல அடிகள் இறக்கிவந்த பழக்கம் ஏறத்தாழ ஒன்றரை அடிக்குள் அடங்கவேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் முக்கியமானவை.

குளிர்காலத்தில் நீர்மட்டத்தை ஏன் இறக்குகிறார்கள் என்று கேட்கலாம். பனிக் காலத்தில் மின்சாரத்தின் தேவையும் விலையும் ஏறும். தேக்கத்தில் இடம் உண்டானால், வசந்தத்தில் உருகிவரும் பனிநீரைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். மின்னிலையத்துக்கு இது நல்ல வழி. ஆனால் நீர் இறங்கிய கரையோரம் உறைபனிக்கு இலக்காகும். அங்கே சேற்றிற் பதுங்கியிருக்கும் பூச்சிகளும், தவளை இனங்களும், நீர்த்தாவரங்களின் வேர்களும் உறைந்து மடியும். ஒரு தேக்கத்தின் உயிர்வளம் அதன் ஆழத்திலன்று, ஆழமற்ற கரையோரத்திலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்பதை நினைத்தால், முகவரகத்தின் கவலை விளங்கும்.

ஊரின் கவலையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இந்த நிபந்தனைகளின்கீழ் கிறீன் ஆற்று மின்னிலையம் தன் செலவையே ஈட்டாது, அதனைக் கைவிட நேரலாம் என்று ஊர் எச்சரித்தது. இழக்கும் மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கவேண்டும். அப்பிரதேசத்தின் மின்வலையமைப்பில் மிகப் பெரிய பங்கு இயற்கை வாயுவை எரித்துப் பெறப்படுவது. புகையற்ற மின்சாரத்தைக் குறைத்துப் புகையுள்ள மின்சாரத்தை வாங்குவது சுற்றாடலுக்கு நன்மையாகுமா என்று ஊரவர் கேட்டனர். அணையை நடத்துவோர் கைவிட்டால், அதனைப் பேணுவார் யார், அணையின்றேல் அந்தப் பூங்கா ஏது என்ற வினாக்களும் உடன் எழுந்தன.

வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. நிபந்தனைகள் கடுமையானவை என ஊர் முறையிட்டது. ஆற்றின் பக்கம் நின்று வாதாட மீனவர் சங்கமும், வெள்ளப் படகோட்டிகளும், இயற்கைப் பாதுகாப்பு மன்றமும் வந்து சேர்ந்தன. மாநிலத்தின் சுற்றாடல் நீதிமன்றம் நீரோட்ட அளவுகள் தொடர்பாக ஊருக்குச் சில சலுகைகளைக் காட்டிற்று. ஆனால் 2019ஆம் ஆண்டு நவம்பரில் வேர்மொன்ற் உயர் நீதிமன்றம் அந்த முக்கிய வினாவில் இயற்கை வள முகவரகத்தின் விளக்கத்தையே ஏற்றுக்கொண்டது.

அதே 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தலைநகரிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹூப்பா பழங்குடியினர் தொடுத்த வழக்கொன்றில் வேறொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. மேற்குக் கரையில் கிளமத் ஆற்று அணைகளின் உரிமையாளரும் மாநிலங்களும் தம்முள் உடன்பாடு செய்து, ஆண்டுதோறும் விண்ணப்பத்தை மீளப்பெற்று மறுபடி சமர்ப்பித்து, பத்தாண்டுக்கு மேல் காலம் கடத்தினர். இவ்வாறு ஓராண்டுக் கெடுவை ஏய்க்க முடியாது, மாநிலங்கள் தம் அதிகாரத்தை இழந்துவிட்டன என்று நீதிமன்றம் கூறிற்று. மொறிஸ்வில் இதனைப் பற்றிக்கொண்டது. தன் விண்ணப்பத்தின்மீதும் ஓராண்டுக்கு மேல் சென்றுவிட்டதே, ஆகவே மாநிலத்தின் நிபந்தனைகள் செல்லாவே என்று சமஷ்டி ஆணைக்குழுவிடம் வாதாடியது. 2020இல் ஆணைக்குழு அதனை மறுத்தது. விண்ணப்பத்தை மீளப்பெற்றது ஊரே. தன் நன்மையைக் கருதியே அவ்வாறு செய்தது. மாநிலம் அதற்கு உடன்பாடு செய்யவில்லை என்பது அதன் முடிவு. 2025ஆம் ஆண்டில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது. தான் கேட்டுப் பெற்ற தாமதத்தைக் காட்டிப் பிறர்மேற் குற்றம் சாட்டுதல் முறையன்று என்ற எளிய நியாயமே இதிற் பொதிந்திருக்கிறது.

அனுமதிப்பத்திரத்தின் காலம் முடிந்து பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. இத்தகைய இடைக்காலத்தில் பழைய நிபந்தனைகளின்படியே ஆண்டுக்கு ஆண்டு தற்காலிக அனுமதி வழங்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே வழக்கு நீண்ட அளவுக்கு மின்னிலையத்துக்குப் பழைய நீரும், வழக்கறிஞர்களுக்கு ஊரவரின் பணமும் சென்றன. ஆற்றுக்கும் மீனுக்கும் உரிய தீர்வு தள்ளிப்போயிற்று.

நேயர்களே, இந்த வரலாற்றிலே தீயவர் என்று எவரையும் சுட்டிக்காட்ட இயலாது. தன் மக்களுக்கு மலிவாக மின்சாரம் தர முயன்ற ஊர் பிழைசெய்யவில்லை. ஆற்றைக் காக்கச் சட்டம் தந்த கடமையைச் செய்த முகவரகமும் பிழைசெய்யவில்லை. ஆயினும் 5 மெகாவாற்று ஆக்கும் ஒரு சிற்றூர், நூற்றுக்கணக்கான மெகாவாற்று ஆக்கும் பெருங் கம்பனிகள் செல்லும் அதே நெடுவழியில், அதே ஆராய்ச்சிகளையும் வழக்குகளையும் சுமந்து செல்லவேண்டியதாயிற்று. கம்பனிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஊருக்கோ அது மின்கட்டணச் சீட்டு. ஆறு மட்டும் சிறியவர் பெரியவர் என்று பார்ப்பதில்லை. சிற்றூர் மறித்தாலும் கம்பனி மறித்தாலும் வற்றிய படுகை வற்றிய படுகையே. ஆகவே சிறியவர்களுக்கு நிபந்தனைகளைத் தளர்த்துவது நியாயமான வழியாகாது. அந்த நிபந்தனைகளுக்கு வந்துசேரும் வழியைச் சுருக்குவதும், ஆராய்ச்சியின் செலவிற் பொதுமக்களின் கருவூலமும் பங்கேற்பதுமே நியாயமாகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நீடித்த அனுமதிப்பத்திரம் ஒன்று முடியும் வேளையில், எவ்வளவு நீர் போதும் என்ற வினாவைத் திடீரென எழுப்பினால் வழக்கு வராமல் என் செய்யும்? அனுமதி பெற்ற முதல் ஆண்டிலிருந்தே நீரின் அளவையும், மீன்களின் தொகையையும், கரையோரத்தின் நிலையையும் இரு தரப்பாரும் சேர்ந்து குறித்து வந்திருந்தால், பேசுவதற்குப் பொதுவான கணக்கேடு ஒன்றேனும் இருந்திருக்கும். அதன்மேல் உடன்பாடு காண்பது இலகுவாகும்.

முப்பதாண்டுக்கு ஒருமுறை வரும் அனுமதிப்பத்திரம் ஒரு தலைமுறையின் வினாவை அடுத்த தலைமுறை திரும்பக் கேட்பதற்கு அமைந்த தவணையாகும். 1947இல் கிறீன் ஆற்றிலே அணை கட்டியவர்களுக்கு ஒளி வேண்டியிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒளியும் வேண்டும், ஓடுகின்ற ஆறும் வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு விலை கொடுப்பது, அந்த விலையை ஊரார் மட்டும் கொடுப்பதா, ஆற்றின் பயனைப் பெறும் எல்லாரும் சேர்ந்து கொடுப்பதா என்பதே எஞ்சி நிற்கும் வினா. அதற்கு விடை கூறும் பொறுப்பை நீதிமன்றங்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.