365 கிலோமீட்டருக்கு பங்க் இல்லை: ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் லே போகிறவர்களுக்கு

(சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணாலியிலிருந்து லே போகிற வழியில் டாண்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. சந்திரா, பாகா என்ற ரெண்டு ஆறும் சேருகிற இடம். அங்கே இருக்கிற பெட்ரோல் பங்கில் ஒரு பலகை ரொம்பப் பிரபலம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நம்ம ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பலகையை நீங்கள் வீட்டிலேயே, கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே படித்திருக்க வேண்டும். அங்கே போய்ப் படித்தால் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது.

சென்னையிலிருந்து மணாலி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதற்கு மேல் லே வரைக்கும் இன்னும் 430 கிலோமீட்டர் வரும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயை ஏறிக் கடக்கிற வேலை இல்லை. அதனால் பாதை சுலபமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பாரலாச்சா கணவாய் 4,890 மீட்டர், டாங்லாங் கணவாய் 5,328 மீட்டர் உயரம். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். டாங்லாங்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே வண்டிக்கும் மூச்சு வாங்கும், உங்களுக்கும் வாங்கும்.

முதலில் எடைக் கணக்கு

வண்டி வாங்கின உடனே கெரியர், மேல்கூடாரம், வின்ச், இரும்பு பம்பர் என்று கடைக்கு ஓடாதீங்க. முதலில் கையேட்டை எடுத்து மொத்த எடை வரம்பைப் பாருங்க. வெற்று எடை ஆர்.சி.யிலேயே இருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை.

உதாரணத்துக்கு மொத்த எடை 1,545 கிலோ, வெற்று எடை 1,205 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 340 கிலோ. நாலு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் 280 போயிற்று. பாக்கி 60 கிலோவில்தான் கெரியர், துணிப்பை, தண்ணீர், டூல்ஸ், கேன் எல்லாம் அடங்கணும். 20 லிட்டர் தண்ணீரே 20 கிலோ. அதனால் நாலு பேர் போகிற வண்டியில் சாமானைக் குறைக்கணும். சாமான் வேணும் என்றால் ஆளைக் குறைக்கணும். வேறு வழி கிடையாது. எடை கூடினால் பிரேக் பிடிக்கிற தூரம் கூடும், டயர் சூடாகும். கெரியருக்கு மேலே கனத்தை ஏற்றினால் வளைவில் வண்டி சாயும். கனமான சாமானைக் கீழே, பின்சீட்டை ஒட்டி வைத்துக் கட்டுங்க.

டயர், காத்து, கூலன்ட்

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2223 என்றால் 2023-ஆம் வருஷம் 22-ஆவது வாரத்தில் தயாரித்தது என்று அர்த்தம். ஸ்டெப்னியிலும் பாருங்க, பல வண்டிகளில் ஸ்டெப்னி மட்டும் வண்டி வாங்கின நாளிலிருந்து அப்படியே கிடக்கும். ஸ்டெப்னி மற்ற நாலு டயரும் இருக்கிற அதே அளவில் இருக்கணும். அளவு மாறின டயரைப் போட்டு ஃபோர் வீல் டிரைவில் ஓட்டினால் கியர்பெட்டிக்குக் கேடு.

மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். அதனால் டயர் காத்து கூடினதுபோல மீட்டர் காட்டும். குளிர் அதைக் குறைத்துக் காட்டும். இந்தக் கணக்கில் மண்டையை உடைக்க வேண்டாம். தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் சொந்த மீட்டரில் அளந்து பாருங்க. மணலிலும் சேற்றிலும் 18, 20 வரைக்கும் காத்தை இறக்கினால் வண்டி வெளியே வரும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றியே ஆகணும். அதற்கு பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரஸர் கையில் இருக்கணும். பஞ்சர் கிட், ஜாக்கி, அதோடு ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகை. ஈர மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி உள்ளே இறங்கிவிடும்.

இன்னொரு விஷயம். நம்ம ஊரில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிப் பழகினவர்கள் நிறையப் பேர். இங்கே அது ஓடும். அங்கே ராத்திரி உறைபனியில் தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜினே விரிசல் விடும். கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பச் சொல்லுங்க.

எரிபொருள்

நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிற வண்டி மலையில், சுமையோடு, 9 தந்தால் பெரிசு. 365-ஐ 9-ஆல் வகுத்தால் 41 லிட்டர். வழி அடைத்துத் திரும்ப வேண்டி வந்தாலும் வரலாம் என்று கால் பங்கு சேர்த்தால் 51 லிட்டர். டேங்க் 40 லிட்டர் என்றால் மீதி 11 லிட்டர் கேனில் போகணும். வழியில் புதுசா பங்க் வந்திருக்கு என்று யாராவது சொன்னாலும் கணக்கை 365-லேயே வைங்க.

பெட்ரோலை பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்கவே கூடாது. இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேன்தான் சரி. விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருந்தால் உரிமம் வேணும் என்பது சட்டம். கேனை விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க. நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. முன்னால் மாட்டுகிற இரும்புக் காப்பு பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்தது. காரணமும் நியாயமானது: மோதும்போது ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம், நடந்து போகிறவர் மேல் பட்டால் உயிரே போகும்.

அதனால் எதையும் மாட்டுவதற்கு முன்னால் ரெண்டு கேள்வி கேளுங்க. இதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவையா? இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லியாச்சா? சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால், லேயிலிருந்து வண்டியை ஏற்றிக் கொண்டுவருகிற செலவு முழுசும் உங்கள் தலையில்தான்.

போனில் செய்ய வேண்டியது

இது ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற உங்களுக்காகவே.

ஒன்று, சிம். வெளி மாநில பிரிபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் செய்யும். குழுவில் ஒருத்தராவது கிளம்புவதற்கு முன்னாலேயே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கோங்க. மாறினாலும் ஜிஸ்பா தாண்டினால் நெடுந்தூரத்துக்கு சிக்னலை நம்ப முடியாது.

ரெண்டு, ஆவணங்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் சட்டப்படி செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத செக்போஸ்டில் செயலி திறக்காமல் போகலாம். அசலையும் ஒரு செட் நகலையும் டேஷ்போர்டில் வையுங்க. பழைய இ-சலான் பாக்கி இருக்கா என்று பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக் கட்டிவிட்டுக் கிளம்புங்க.

மூன்று, வரைபடம். முழுப் பாதையையும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்க. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சட்டைக்கு உள்பக்கம் வையுங்க.

நாலு, தொடர்பு. சாட்டிலைட் போனை உரிமம் இல்லாமல் கொண்டு போவது நம்ம நாட்டில் குற்றம். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரங்க வாங்கிக் கொடுத்த சாட்டிலைட் கருவியும் இதில் அடக்கம். ரெண்டு மூணு வண்டியாகப் போனால் 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கி-டாக்கி இருக்கிறது, அது போதும்.

ஐந்து, 112. அவசர அழைப்பு எண். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் பக்கத்தில் இருந்தால் போக வாய்ப்பு உண்டு. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆனால் தமிழ்நாட்டில் இருக்கிற உங்கள் வீட்டார் 112 அழைத்தால் இங்கேயுள்ள கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அதனால் லாஹௌல்-ஸ்பிட்டி, லே ரெண்டு மாவட்டக் காவல்துறை எண்களையும் மாவட்ட இணையதளத்தில் பார்த்து எழுதி வீட்டில் கொடுத்துட்டுப் போங்க.

சிக்கினால் எப்படி இழுப்பது?

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பெரிய விபத்துகள் சிக்கும்போது நடப்பதில்லை, இழுக்கும்போதுதான் நடக்கின்றன. பின்னால் டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிற்றைக் கட்டவே கட்டாதீங்க. அது உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். நிற்கிறவர் தலையில் பட்டால் பிழைப்பது கஷ்டம். வண்டியின் சேஸிஸில் இழுப்பதற்கென்றே கொடுத்திருக்கிற கொக்கியில் மட்டும் கட்டுங்க. தாங்கும் எடை பொறித்த ஷேக்கிளை வாங்குங்க. எண் இல்லாத இரும்பை வாங்காதீங்க. கயிற்றின் நடுவில் ஒரு தடிமனான போர்வையைப் போடுங்க. அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும். கயிறு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது. வீடியோ எடுக்கிற தம்பியும்தான்.

பனி உருகி வருகிற ஓடைகளில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கூடும். காலையிலேயே கடந்துவிடுங்க. 4எல் போட்டு, ஒரே வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல் போங்க. மட்டத்தைப் பார்க்காமல் இறங்காதீங்க. முன்னால் போகிற லாரி கடந்துவிட்டது என்பது உங்கள் வண்டிக்குச் சான்று ஆகாது. அதேபோல, காய்ந்த தார் ரோட்டில் 4எச், 4எல் போட்டு ஓட்டாதீங்க. பெரும்பாலான நம்ம ஊர் வண்டிகளில் அப்படி ஓட்டினால் முன்-பின் அச்சுகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொள்ளும்.

கடைசியாக, ஆட்கள்

வண்டியைத் தயார் செய்கிற அளவு யாரும் உடம்பைத் தயார் செய்வதில்லை. மணாலியிலிருந்து ஒரே நாளில் சார்ச்சு ஏறி, 4,290 மீட்டரில் ராத்திரி தங்குவது ஆபத்து. கேலாங் அல்லது ஜிஸ்பாவில் ரெண்டு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்குங்க. தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வந்தால் உடனே கீழே இறங்கணும். ஆக்ஸிஜன் கேன் இறங்குகிற வரைக்கும் தாங்க உதவும், அவ்வளவுதான். மாத்திரை எதுவானாலும் கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்க. இதய நோய், நுரையீரல் நோய் உள்ள பெரியவர்களைக் கேட்காமல் கூட்டிப் போக வேண்டாம்.

குளிருக்காக என்ஜினை ஓட விட்டு வண்டிக்குள்ளே தூங்காதீங்க. புகைக்குழாயில் பனி அடைத்தால் விஷவாயு உள்ளே வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே போய்விடும்.

வழியில் வேறு வண்டி விபத்தில் கிடந்தால் நிறுத்தி உதவுங்க. நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த உயரத்தில் இன்னிக்கு அவங்க, நாளைக்கு நாம.

கிளம்புகிற அன்றைக்கு ஒரு காகிதத்தில் நாலு விஷயம் எழுதி வீட்டில் கொடுங்க. வண்டி எண், ஒவ்வொரு ராத்திரியும் தங்குகிற ஊர், கூட வருகிறவர்கள் பெயரும் ரத்த வகையும், எந்த நாள் எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரை அழைக்கணும் என்ற விவரம். வின்ச் வாங்குகிற காசில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ஆனால் நீங்கள் வழியில் மாட்டிக்கொண்டால் தேடுகிறவர்கள் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் தேடத் தொடங்குவார்கள்.

நல்லபடியா போய்ட்டு வாங்க.