மறுபடி மறுபடி 'இணை' என்று கேட்கிறதா?

சந்தா கணக்கு ஃபோல்டர் உங்கள் வீட்டுக் கணினியில் அடிக்கடி 'மறுபடி இணை' என்று கேட்பதாகப் பிளாக் பொறுப்பாளர்கள் சொல்கிறீர்கள்.

விண்டோஸில் 15 நிமிடம் யாரும் தொடாத இணைப்பு தானே அறுந்துவிடும். டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும், திறந்தால் வந்துவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

எக்செல் திறந்திருக்கும்போதே அறுந்தால்தான் வம்பு. போட்ட வரவு பதிவாகாது. பணம் கட்டியவர் பெயர் பாக்கிப் பட்டியலில் ஏறிவிடும். பெரும்பாலும் அலுவலகக் கணினி ஸ்லீப்புக்குப் போவதுதான் காரணம். பவர் செட்டிங்கில் அதை 'நெவர்' ஆக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் கேட்டால், கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை நீக்குங்கள்.

வங்கியில் லெட்ஜரைத் திறந்துபோட்டு டீ குடிக்கப் போகமாட்டோம். வரவு போட்டதும் சேமித்து மூடுங்கள். பட்டியல் ஒட்டுமுன் ரசீது புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.