வலையைக் காக்கும் கல்வி
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையைப் பேசுவது மரபு. அதனைப் பேசத் தகுதியுடைய மூத்தோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றார்கள். நம் இளைஞர் கற்க வேண்டிய தொழிற்கல்வி ஒன்றைப் பற்றிப் பேசுவதே எனக்கு இடப்பட்ட பணி. கணினி வலையமைப்பை மேற்பார்க்கும் கல்வியை நான் எடுத்துக்கொண்டுள்ளேன்.

முத்துக்குளித் துறையில் வாழும் நமக்கு இதனை விளக்குதல் எளிது. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் அதன் முறையை முதியோர் அறிவர். குளியாளி கல்லின் துணையால் கடலடிக்கு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். அவருடைய கவனத்தில்தான் குளியாளியின் உயிர் இருந்தது. அதனாலேயே கயிற்றை மைத்துனன் கையில் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வழங்கிற்று.

கணினி வலையமைப்பிலும் அப்படிக் கயிறு பிடிப்பவர் ஒருவர் வேண்டும். துறைமுகம், வங்கி, மருத்துவமனை, கல்லூரி எதுவாயினும், இன்று அங்கே பல கணினிகளும் அவற்றை இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச் முதலிய கருவிகளும் உள்ளன. ஒன்று நின்றால் பல வேலைகள் நிற்கும். ஆகவே ஓரிடத்தில் அமர்ந்து அனைத்தையும் கண்காணிக்க மென்பொருள் செய்தார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் நலம் விசாரிக்கும். விடை வராவிடில் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்பும். எந்த வழியில் எவ்வளவு தகவல் ஓடுகிறது என்பதை வரைபடமாகக் காட்டும். இவ்விசாரிப்புக்குரிய எஸ்.என்.எம்.பி. என்னும் பொது நெறிமுறை 1988இல் வகுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் காண இணைய பிரவுசர் ஒன்றே போதும்.

இத்துறை நமக்கு அந்நியமானதன்று. இன்று சோகோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளைக் கொண்டே தொழிலைத் தொடங்கிற்று. அது விலைக்கு விற்கும் மென்பொருள். நான் வலியுறுத்த வந்தது திறந்த மூல மென்பொருளை. அதன் நிரல் முழுவதையும் எவரும் படிக்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஜேமி கேமரான் 1997இல் வெளியிட்ட வெப்மின், லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பிரவுசர் வழியே நிர்வகிக்க உதவுகிறது. ஈதன் கால்ஸ்டாட் 1999இல் தொடங்கிய நாகியோஸ், லாட்வியா நாட்டு அலெக்சேய் விளாடிஷெவ் 2001இல் வெளியிட்ட ஸாபிக்ஸ், 2013இல் தோன்றிய லிப்ரே என்.எம்.எஸ். ஆகியவை கண்காணிப்புக்கு உரியவை. இவற்றைக் கற்க உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

ஏட்டைப் பூட்டி வைத்து, இன்னார் படிக்கலாகாது என்று விதித்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். பூட்டப்படாத ஏட்டின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலை அறிவுக்கு வேலியாகலாகாது என்பதை அப்பெயரே பறைசாற்றவில்லையா?

நம் மாநிலத்தில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. உமாசங்கர் அவர்கள் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் அதன் அலுவலகக் கணினிகள் சூசே லினக்சுக்கு மாற்றப்பட்டன. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்த்தே வழங்கப்பட்டது. அது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. நம் வீடுகளுக்கும் அம்மடிக்கணினிகள் வந்தன. அவற்றில் லினக்சைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

2006இல் தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே கடலடித் தகவல் கம்பி இயங்கத் தொடங்கியது. அத்தகைய கம்பிகளுக்காகத் தெருவில் குழி தோண்டும் வேலையில் நம்மவர் இருக்கின்றனர். திரைமுன் அமரும் வேலையில் எத்தனை பேர்? குழி தோண்டுதல் இழிவன்று. ஆனால் தோண்டுபவர் என்றும் ஒரு தெருவினராகவும், திரையைப் பார்ப்பவர் என்றும் வேறொரு தெருவினராகவும் நிலைத்துவிடலாகாது. உப்பளத்தில் வெயிலில் வெந்தவர் நாம். உப்புக்கு விலை வைத்தவர் வேறு. கணினித் தொழிலிலும் அந்தக் கணக்குத் தொடர வேண்டுமா?

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். திறந்திருப்பதனாலேயே ஒரு மென்பொருள் பாதுகாப்பானதாகி விடாது. வெப்மின் மென்பொருளில் யாரோ 2018இல் கள்ள வழி ஒன்றை நுழைத்துவிட்டனர். 2019 ஆகஸ்டில்தான் அது வெளிப்பட்டது. உடனே திருத்திய பதிப்பு வந்தது. புதிய பதிப்புகளைத் தவறாது ஏற்றுதல், மேலாண்மைப் பக்கத்தை ஊரறியத் திறந்து வையாமை, வலுவான கடவுச்சொல் ஆகிய மூன்றும் இத்தொழிலின் அரிச்சுவடி. அனுமதியின்றிப் பிறர் வலையமைப்பில் கைவைத்தல் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதையும் மறவாதீர்கள்.

நிறைவாகக் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் பழைய கணினிகள் மூன்றும் ஒரு சுவிட்சும் போதும். ஒன்றில் லினக்சை நிறுவி, அதில் லிப்ரே என்.எம்.எஸ். மென்பொருளை ஏற்றி, மற்ற இரண்டையும் கண்காணிக்கச் செய்யலாம். ஒரு மாணவர் வேண்டுமென்றே ஓர் இணைப்பைக் கழற்ற, மற்றவர் திரையைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கட்டும். கண்டதைத் தமிழில் குறிப்பேட்டில் எழுதட்டும். ஆங்கிலம் கண்டு அஞ்ச வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறே. ஓராண்டு விடாது பயின்றவர், வேலை கேட்டுச் செல்லும்போது சான்றிதழோடு தம் கைத்திறனையும் காட்ட முடியும்.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியது, கல்வி பிறர் இடும் பிச்சையாக இராமல் நம் உரிமைச் சொத்தாக வேண்டும் என்பதற்காக அன்றோ? இக்கழகத்தின் பொன்விழா மலரில், ஒரு பெரிய நிறுவனத்தின் வலையமைப்பைப் பொறுப்பேற்று நடத்தும் நம் மகளோ மகனோ கட்டுரை எழுத வேண்டும். அதற்கான முதல் பாடத்தை இவ்வாண்டே தொடங்குவோம்.