பேட்டரி ரம்பமும் எங்கள் குழுவும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாடு, தையல், மசாலாப் பொடி பத்தி நல்லா சொன்னாங்க. நான் மரம் அறுக்கிற ரம்பத்தைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சிடுங்க.

காட்டுப்பள்ளி எப்படின்னு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆத்துக் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும். எல்லாம் மணல் தரை. காத்து கொஞ்சம் பலமா அடிச்சா மரம் சாயும். அதுலயும் வீட்டுக்கு வீடு நிக்கிறது முருங்கை. முருங்கையில ஏறக்கூடாதுன்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடிச்சு முடிஞ்சதும், எங்க வீட்டு ஓட்டு மேல ஒரு கிளை பாதி ஒடிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்தது. தொறட்டிக்கு எட்டலை. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது வெட்ட யார் வருவாங்க? மறுநாள் எங்க மாமியார் அருவாளை இடுப்புல சொருகிக்கிட்டு ஏறிட்டாங்க. அவங்க கால் வச்ச கிளை ஒடிஞ்சுது. இடுப்பு எலும்பு போச்சு. இன்னிக்கும் தடி ஊனித்தான் நடக்கிறாங்க.

அதனாலதான், மரம் கழிக்கிற வேலைக்குப் போற என் தம்பி ஒரு நாள் கைக்கு அடக்கமான பேட்டரி ரம்பம் ஒண்ணு கொண்டுவந்து காட்டினப்போ, நம்ம குழுவுக்கு இது வேணும்னு தோணுச்சு. கரண்ட் ஒயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஆறு அங்குல இரும்புப் பட்டை, அதைச் சுத்தி ஓடுற சின்ன செயின், 21 வோல்ட் பேட்டரி. கூட்டத்துல சொன்னேன். 12 பேர்ல 5 பேர் வேண்டாம்னாங்க. "பொம்பளைங்களுக்கு எதுக்குடி ரம்பம்?"னு ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன், முன்வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. கடைசியில தீர்மான நோட்டுல எழுதி, சங்கப் பணத்துல 3,200 ரூபாய் போட்டு, ரெண்டு பேட்டரியோட வாங்கினோம்.

வாங்கின முதல் நாளே அவமானம். செயினை நான்தான் மாட்டினேன். அரை மணி நேரம் அறுத்தும் புகை வருது, மரம் கருகுது, அறுபடலை. டூப்ளிகேட் மாலைத் தலையில கட்டிட்டான்னு கடைக்காரரைத் திட்டித் தீர்த்தோம். சாயங்காலம் தம்பி வந்து பார்த்துட்டு, செயினைத் திருப்பி மாட்டியிருக்கேன்னு சொன்னான். பட்டையோட மேல்பக்கத்துல ஓடுற பல்லு நுனியைப் பார்த்து இருக்கணும். நான் நம்மளைப் பார்த்து வச்சிருந்தேன். அடுத்தது எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயை விட்டேன். அது தண்ணி மாதிரி, செயின் ஓடினதும் சிதறிப் போயிடுது. செயினுக்குன்னே கெட்டியான எண்ணெய் விக்குது, அதைத்தான் விடணும். நம்ம ஊர் உப்புக்காத்துல துடைச்சு எண்ணெய் போடாம ஒரு வாரம் வச்சா துரு ஏறிடும்.

இப்ப சொல்றதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. ஒரு நாள் ஸ்டூல் மேல ஏறி, ஒரு கையில மெஷின், இன்னொரு கையில கிளையைப் பிடிச்சுக்கிட்டு அறுத்தேன். கடல் காத்துல என் முந்தானை பறந்து செயின்ல சிக்கிடுச்சு. பயத்துல விரலை எடுத்தேன், நின்னுடுச்சு. கிளையைப் பிடிச்சிருந்த கை ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. புடவை கிழிஞ்சதை ரெண்டு நாள் வீட்டுக்காரர்கிட்ட சொல்லவே இல்லை. சின்ன மெஷின்னு ஒரு அலட்சியம், அவ்வளவுதான். அதுலயிருந்து, நூறு நாள் வேலைக்குப் போடுற மாதிரி புடவை மேல முழுக்கை சட்டை, முந்தானையை இழுத்துச் சொருகி, கண்ணாடி போட்டாத்தான் மெஷின் கைக்கு வரும். ஸ்டூல், ஏணி கிடையவே கிடையாது. தரையில நின்னு, ரெண்டு கையாலயும் பிடிச்சு, தோள் உயரத்துக்குள்ள எட்டுற கிளைதான். செயினைத் தொடறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிடணும். பட்டை நுனியோட மேல்பாதி மரத்துல இடிச்சா மெஷின் எகிறி மூஞ்சியைப் பார்த்து வரும், அதனால நுனியால குத்தவே கூடாது.

கனமான கிளையை மேலயிருந்து ஒரேயடியா அறுத்தா, பாதியிலயே தொங்கி அடிமரத்துப் பட்டையை உரிச்சுக்கிட்டு வரும். முதல்ல கீழயிருந்து கால்வாசி அறுத்துக்கணும். அப்புறம் கொஞ்சம் வெளிய தள்ளி மேலயிருந்து அறுத்தா கிளை சுத்தமா விழும். மிச்சம் நிக்கிற குச்சியைக் கடைசியா சரி பண்ணிக்கலாம். செடி முருங்கை வச்சிருக்கிறவங்க காய்ப்பு முடிஞ்சதும் தரையிலயிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு அறுங்க, மறுபடியும் தழைச்சுக் காய்க்கும். வெட்டின இடம் சரிவா இருந்தா மழைத்தண்ணி நிக்காது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ, ரேடியோவுல சொன்ன அன்னிக்கே ரெண்டு பேட்டரியையும் சார்ஜ் போட்டு வச்சோம். கரண்ட் போனதுக்கு அப்புறம் ஊர்ல வேலை செஞ்ச மெஷின் அது ஒண்ணுதான். எங்க சந்துல விழுந்த பூவரசை நாலு பேர் சேர்ந்து துண்டு துண்டா எடுத்தோம். ஒரு பேட்டரி அரை மணி நேரம்கூட நிக்காது, அதனால கை மொத்தம் வரைக்கும் உள்ள கிளைகளை மெஷின்ல எடுத்துட்டு, அடிமரத்தைக் கோடாலிக்கு விட்டுட்டோம். அடுத்த தெருவுல ஒரு வேம்பு ஒயர் மேல சாய்ஞ்சு கிடந்தது. அதைத் தொடவே இல்லை. கரண்ட் இல்லைன்னு நம்பி யாரும் கை வைக்காதீங்க. எப்ப விடுவாங்கன்னு நமக்குத் தெரியாது. மின்வாரியத்துக்குத்தான் சொல்லணும்.

போன புரட்டாசியில நம்ம துப்புரவு முகாமுக்கும் அதைத்தான் கொண்டு போனோம். மழைக்கு முன்னாடி கிளையைக் கழிச்சு விட்டா மரத்துக்குப் பாரம் குறையும்னு பள்ளிக்கூடத்து மரங்களைக் கழிச்சோம். அங்க ஒரு தப்பும் நடந்தது. ஒரு உறுப்பினரோட வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போய் சீமைக்கருவேலத்தைத் தரையோட தரையா அறுத்தார். செயின் மணல்ல இறங்கி ஒரே நிமிஷத்துல மொண்ணை ஆயிடுச்சு. வேர் இருக்கிறவரைக்கும் அந்தக் கருவேலம் எப்படியும் முளைக்கத்தான் போகுது. முகாம்ல இன்னொரு கஷ்டம் கூட்டம். எல்லாரும் கிளையைப் பிடிச்சு இழுக்க ஓடி வர்றாங்க. மெஷின் ஓடும்போது பத்தடி தள்ளி நிக்கணும்னு ஒருத்தர் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கணும். அந்த வேலையை இப்ப, எதுக்கு ரம்பம்னு கேட்ட அதே அக்காதான் பார்க்கிறாங்க. அவங்க குரலுக்கு மைக் வேண்டாம்.

கூட்டமைப்புல இருந்து குழுவுக்கு ஒண்ணு வாங்கலாம்னு பேச்சு இருக்குன்னு கேள்விப்பட்டேன். என்னைக் கேட்டா ஊராட்சிக்கு ஒண்ணு போதும். மிச்சப் பணத்துல கண்ணாடி, கையுறை, ஒரு மாத்துச் செயின் வாங்குங்க. யார் எடுத்தாங்க, எப்படித் திருப்பிக் கொடுத்தாங்கன்னு ஒரு நோட்டு போடுங்க. அறுத்துப் பழகாதவங்களுக்குக் கொடுக்காதீங்க, அது தலைவி வீட்டுக்காரரா இருந்தாலும் சரி.

மெஷினைக் கொண்டு வந்து அந்த ஓரத்து மேஜையில வச்சிருக்கேன். பேட்டரி என் பையில இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க, செயினைக் கழட்டி உங்க கையிலயே கொடுக்கிறேன். பல்லு எந்தப் பக்கம்னு பார்த்து மாட்டிக் காட்டுங்க.