துணைக்கோள் வழியே பேச எந்தக் கருவி?



சென்ற மாதம் இளைஞர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவர். அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, அரசாங்க உரிமமும் பெற்றுவிட்டவர். "ஐயா, துணைக்கோள் வழியே பேச ஆசைப்படுகிறேன், எந்த டிரான்ஸீவரை வாங்கலாம்?" என்று வினவினார். இரண்டாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அவர் கையில் இருந்தது. அவர் மனத்தில் வைத்திருந்த கருவியின் விலையோ அதைப்போல் ஐந்து மடங்கு. எஞ்சியதற்குக் கடன் வாங்குவது என்று துணிந்தே வந்திருந்தார். அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே பெட்டிக்குள் அமைந்ததே டிரான்ஸீவர். ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றே காரணமாக வானொலியில் ஈடுபடும் அமெச்சூர்கள் இதனைக் கொண்டு ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கெனத் துணைக்கோள்களும் உண்டு என்பதைச் சிலரே அறிவர். 1961 டிசம்பரில் விண்ணேறிய ஆஸ்கார்-1 மோர்ஸ் குறிகளில் "ஹை" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவே. 2005 மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் ஏறிய நம் ஹாம்சாட்டோ, ஒருவர் குரலை வாங்கி மற்றவர்க்குத் திருப்பித் தரவல்லதாய் இருந்தது.

அக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்று, அழகிய சிறு டிரான்ஸீவர் ஒன்றை வாங்கினேன். 145 மெகாஹெர்ட்ஸ், 435 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளும் அதில் இருந்தன. வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன். ஹாம்சாட் தலைக்குமேல் செல்லும்போதெல்லாம் கூவி அழைத்தேன். ஒருவரும் விடை தரவில்லை. பல வாரங்கள் கழிந்தபின் வெளியூர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: "உமது குரல் நன்றாகவே கேட்கிறது. ஆனால் நீர் பிறர் உரையாடலின் நடுவே புகுந்து பேசுகிறீர்!" வெட்கித் தலைகுனிந்தேன்.

காரணம் இதுதான். என் கருவி பேசும்போது கேளாது, கேட்கும்போது பேசாது. துணைக்கோளோ வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான விரைவில் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் ஒலிப்பதைப்போல, கோளின் அலையெண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். 435 மெகாஹெர்ட்ஸில் இம்மாற்றம் இருபுறமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். 145-இல் அதில் மூன்றிலொரு பங்கு. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஒரு குரலுக்கு வேண்டிய இடமோ 3 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஹாம்சாட்டில் அனைவருக்கும் பொதுவாக இருந்த இடமே 60 கிலோஹெர்ட்ஸ்தான். ஆகவே, கோளிலிருந்து இறங்கும் தன் குரலைத் தானே கேட்டு, நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளாதவன், தான் அறியாமலே அயலார் மனைக்குள் நுழைந்துவிடுகிறான்.

தன் குரலைக் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இத்தகைய கோளின் ஆற்றல் பேசுவோர் அனைவருக்கும் பங்கிடப்படுவது. ஒருவர் வலிமை மிகுந்து அனுப்பினால், எளிய கருவி உடையோரின் குரல் அமுங்கிப்போம். கோளின் அடையாளக் குறியொலியைவிட நம் குரல் உரத்துக் கேட்டால் ஆற்றலைக் குறைக்கவேண்டும் என்பது வழக்கு. கேளாதவன் எங்ஙனம் குறைப்பான்?

எனவே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எத்தனை வாட் என்பதன்று. ஓர் அலைவரிசையில் அனுப்பும் அதே கணத்தில் மற்றொன்றில் கேட்குமா என்பதே. 2019-இல் விற்பனைக்கு வந்த ஐகாம் ஐசி-9700 இதனைச் செவ்வனே செய்யும். இளைஞர் மனத்தில் இருந்ததும் அதுவே. முன்னர் வந்த யேசு எஃப்டி-847, கென்வுட் டிஎஸ்-2000 ஆகியவையும் செய்யும். ஆனால் அவை இனிப் பிறர் கைபட்டதாகவே கிடைக்கும். பழுதானால் உதிரி உறுப்புகளுக்கு அலையவேண்டும். சில கையடக்கக் கருவிகளில் இரண்டு அலைவரிசைகள் திரையில் தோன்றும். அதைக் கண்டு மயங்கலாகாது. இரண்டையும் காட்டுவது வேறு, இரண்டிலும் ஒருங்கே இயங்குவது வேறு.

இனி, ஒரே பெட்டியில்தான் எல்லாம் இருக்கவேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. அனுப்புவதற்கு ஒரு கருவி, கேட்பதற்கு மற்றொன்று எனக் கொள்ளலாம். கணிப்பொறியில் செருகும் விரற்கடை அளவான வாங்கிகள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லவேண்டும். 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435 அல்லவா? நாம் 145-இல் அனுப்பும்போது அதன் மூன்றாம் மடங்கு அலை 435-இல் கேட்கும் காதைச் செவிடாக்கக்கூடும். இரண்டு ஆன்டெனாக்களையும் தள்ளி வைப்பதும், இடையே தக்க வடிகட்டி அமைப்பதும் நலம்.

மிஞ்சும் பணத்தை ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் செலவிடச் சொன்னேன். மாடியிலிருந்து அறைவரை மெல்லிய கேபிள் இருபது மீட்டர் ஓடினால், 435-இல் வந்த ஆற்றலில் பாதிக்குமேல் வழியிலேயே தேய்ந்துவிடும். ஐந்து மடங்கு விலைகொடுத்து வாங்கிய கருவியும் அதை மீட்டுத் தராது. சிறு முன்பெருக்கி ஒன்றை ஆன்டெனாவின் அடியிலேயே வைத்தால் அந்தக் குறை பெரிதும் தீரும்.

இளைஞர் கடன் வாங்கவில்லை. 5 வாட் கையடக்கக் கருவி ஒன்று அவரிடம் முன்பே இருந்தது. செருகு வாங்கி ஒன்றும், கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனாவுக்கு வேண்டிய அலுமினியக் கம்பிகளும் வாங்கினார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020-இல் அமைக்கப்பெற்ற அமெச்சூர் கருவி 145.990-இல் வாங்கி 437.800-இல் திருப்பித் தருவது. பண்பலை முறையாதலால் தொடக்கத்திற்கு ஏற்றது. 67 ஹெர்ட்ஸ் தொனியை உடன் அனுப்பாவிடில் அக்கதவு திறவாது. முதல் இரண்டு நாள் அதனை மறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை என் வீட்டு மொட்டைமாடியில் நின்று தம் அழைப்புக் குறியைச் சொன்னார். காதில் மாட்டிய கருவியில் அவர் குரலே அவருக்குத் திரும்பி வந்தது. திகைத்து, அடுத்துச் சொல்லவேண்டியதை மறந்து நின்றுவிட்டார். விடை சொல்ல யாரோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவர் தோளைத் தட்டினேன். என் பழைய கருவியை அனுப்பும் பாதியாக வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்; அடுத்த ஞாயிறன்று எடுத்துச் செல்வார்.