மலையைச் சுற்றலாம், அறுக்க முடியுமா?

நடுவர் அவர்களே! பாறைப் பாடத்துக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு, மலைக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும்னு எதிரணி அண்ணன் முழங்கினார். எங்க சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வாங்கண்ணே. நரசிம்மர் குடைவரைக்குள்ளே இருக்கார்; அவரை வலம் வரணும்னா மலையையே சுத்தணும். பத்துத் தடவை சுத்துங்க, பாறைக்குள்ளே விரிசல் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியுமா? (சிரிப்பு)

தெரியணுமே! நம்ம பக்கம் கெட்டிப் பாறை, தண்ணி விரிசல்லேதான் நிக்குது. தரையிலே தெரியற விரிசலுக்கு 100 அடி தள்ளி, நேர்க்குத்தா போர் போடறோம். விரிசல் நம்ம பக்கமா 45 டிகிரி சாய்ஞ்சிருந்தா 100 அடியிலே தொடும். 60 டிகிரின்னா 173 அடி. எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருந்தா? அந்த விரிசல் கிடைக்கவே கிடைக்காது. நகையை அடகு வெச்ச காசு புழுதியாப் பறக்கும்! (கைதட்டல்)

இதைக் கரும்பலகையிலே கோடு போட்டுச் சொன்னா பிள்ளை மனப்பாடம்தான் பண்ணும். ரோவன் காக்கெட் என்பவர் உருவாக்கிய ‘விசிபிள் ஜியாலஜி’ புரோகிராமிலே அதே பிள்ளை பாறை அடுக்கைச் சாய்க்கலாம், மடிக்கலாம், மைசூர்பாகு மாதிரி அறுக்கலாம், போர்கூடப் போட்டுப் பார்க்கலாம். தப்பாப் போட்டாலும் பத்துப் பைசா நஷ்டமில்லை.

மலைக்கும் போகட்டும், வேண்டாங்கலை. ஒரு தடவை அறுத்துப் பார்த்துட்டுப் போகட்டும். மணி அடிச்சிட்டீங்க, வணக்கம்!